நகைக்கப்பட்ட மருத்துவனும் நகைக்கத் தெரிந்த மருத்துவனும்

நாடக மேடையின் நகைப்புப் பாத்திரங்களுள் மிகப் பழமையானவருள் ஒருவன் மருத்துவன். அரசனைக் கண்டு நகைத்தல் இடர் தருவது என்று மக்கள் அஞ்சிய காலங்களிலும், மருத்துவனைக் கண்டு நகைத்தற்குத் தடையிருந்ததில்லை. நோயுற்றவன் தன் உடம்பையும் உயிரையும் எவன் கையில் ஒப்படைக்கின்றானோ, அவனையே மேடையில் ஏற்றி எள்ளி நகையாடுவது வியப்புக்குரியதே. பன்னூறு ஆண்டுகளாக இந்நகைப்பு மருத்துவன் ஒரே முகமூடியை அணிந்து நின்றான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய தொலைக்காட்சித் தொடர்நாடகமே அம்முகமூடியைக் கழற்றி, அவனை வளரும் மனிதனாக்கியது. அவ்வளர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது, தமிழ் நாடகவுலகில் அஃது ஏன் இன்னும் முழுமை பெறவில்லை என்பன ஆராய்தற்குரியன.

இவ்வாராய்ச்சிக்குத் துணையாவது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த ஆசிரியர், அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகின்றார். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது ஒருவர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல். நகைப்பு மருத்துவனின் வரலாறு இந்நான்கு நிலைக்களன்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து வந்த வரலாறே எனலாம். நகையை அடுத்து அழுகை வைக்கப்பட்டிருத்தலும் கருதத்தக்கது. எந்த மருத்துவப் பாத்திரம் நகையினின்று அழுகைக்குச் செல்லும் சிறுதொலைவைக் கடக்கின்றதோ, அதுவே வளர்ந்த பாத்திரமாகின்றது.

தோட்டத்து ஆஸ்பத்திரி

மேடை மருத்துவனைக் காணுமுன், தமிழ்த் தொழிலாளர் நேரிற் கண்ட மருத்துவனைக் காணுதல் நன்று. மருத்துவனை மக்கள் ஏன் நகைக்கின்றனர் என்பதற்கு அங்கே விடை உண்டு. நெகிரி செம்பிலான் மாநிலத்து ரெம்பாவ் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். சிரம்பானிலிருந்து தம்பினுக்குச் செல்லும் வழியில், மினாங்கபாவ் மக்களின் தாய்வழி மரபு வேரூன்றிய மண் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை ஏறியபோது, நெகிரி செம்பிலானின் குன்றுச்சரிவுகளில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த தொழிலாளர் அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர்.

அவர்களை எதிர்கொண்ட முதற்பகை மலைக்காய்ச்சலாகிய மலேரியா. கொசுவே அந்நோயைப் பரப்புகின்றது என்பதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டில் இந்தியாவில் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளானில் அரசு மருத்துவராகப் பணிபுரிந்த மால்கம் வாட்சன், அவ்வுண்மையை மலாயாவில் செயற்படுத்தினார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. குன்றுப்பகுதியிலோ காட்டை வெட்டியபின் காய்ச்சல் மிகுந்தது. குன்றுகளில் நோயைப் பரப்பும் கொசுவினம் வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது என்பதே அதற்குக் காரணம். மரநிழல் நீங்கியதும் ஓடைகள் வெயிலைக் கண்டன, கொசு பெருகியது. ரப்பர் நடுவதற்காகச் செய்த வேலையே தொழிலாளரின் உயிருக்கு உலையாயிற்று. நிலத்தடிக் குழாய்களின் வழியே நீரை வடித்தலும், ஓடைகளில் எண்ணெய் தெளித்தலும் பின்னரே பரவின. வாட்சனின் ஆராய்ச்சிநூல் 1911-இல் வெளிவந்தது.

தோட்டங்களின் மருத்துவ வசதி பற்றிய விதிகள் 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்றன. ஆயினும், பட்டம் பெற்ற மருத்துவர் பல தோட்டங்களுக்கு ஒருவராகவே இருந்தார். அவர் குறித்த நாளில் வந்து போவார். நாள்தோறும் தோட்டத்தில் இருந்தவர் டிரசர். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றார். டிரசர் பதவியால் நான்காமவர். தோட்டத்து நிலைமையோ அவரை இரண்டாமவராக்கியது. காய்ச்சலையும் பேதியையும் கால்புண்ணையும் பிள்ளைப்பேற்றையும் அவரே முதலிற் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த மருந்துகளோ கொயினா, பேதியுப்பு, விளக்கெண்ணெய், புண்ணுக்குப் பூசும் மருந்து போன்ற சிலவே.

இத்தகையவர் நகைப்புக்கு இலக்காதல் இயல்பு. பெரட்டுக் களத்தில் காலையில் வரிசையாக நிற்கவைத்துக் கசப்பு மருந்தை வாயில் ஊற்றுபவரை யார்தான் விரும்புவர்? நோயென்று கூறுபவன் மெய்யாகவே நோயாளியா, வேலைக்குச் செல்ல மனமில்லாதவனா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அவர் துரைக்குக் கீழ்ப்பட்டவர், தொழிலாளர்க்கு மேற்பட்டவர். இரு பக்கமும் அவரை முழுதாகத் தன்னவர் என்று கொள்ளவில்லை. ஆனால் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால், பகலில் அவரை நகைத்தவரே விளக்கை ஏந்திக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். மருத்துவனைக் கண்டு மக்கள் நகைப்பதன் காரணம் இங்கே புலனாகின்றது. அந்நகை அச்சத்தின் மறுபக்கம். உயிரை ஒருவன் கையில் விட்டு நிற்கும் எளியோர், அவனுக்குத் தம்மீதுள்ள ஆற்றலைச் சிறிது குறைத்துக்கொள்ளும் வழி அது.

பழைய மேடையின் மருத்துவர்

இவ்வச்சமும் நகையும் புதியன அல்ல. பல்லவர் காலத்திலேயே இவை மேடை ஏறிவிட்டன. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் மத்தவிலாசத்தோடு சேர்த்துக் குறிக்கப்பெறும் வடமொழி நகைச்சுவை நாடகம் பகவதஜ்ஜுகம். ஒரு துறவியின் உயிர் ஒரு கணிகையின் உடலில் புகுந்துவிடுகின்றது. அவளைப் பாம்பு தீண்டியதாகக் கருதி மருத்துவன் ஒருவனை அழைத்து வருகின்றனர். அவன் தன் நூலறிவைக் காட்டப் புகுந்து சொற்பிழை செய்கின்றான். கணிகையின் வாயிலிருந்து துறவி அப்பிழையைத் திருத்துகின்றார். நோயாளி மருத்துவனுக்கு இலக்கணம் கற்பிக்கும் இக்காட்சி இன்றும் நகை விளைப்பது. பிற்காலத்து ஹாஸ்யார்ணவம் என்னும் நாடகத்தில் வரும் மருத்துவனுக்கு வியாதிசிந்து, அதாவது நோய்க்கடல், என்பதே பெயர். வயிற்று வலிக்கு மேலண்ணத்தில் சுட்ட ஊசியை வைக்க முற்படுபவன் அவன்.

மேலைநாட்டிலும் இதே மருத்துவனைக் காணலாம். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 1666-இல் எழுதிய நாடகம் ஒன்றில், விறகுவெட்டி ஒருவன் அடிக்கு அஞ்சித் தன்னை மருத்துவன் என்று ஒப்புக்கொள்கின்றான். புரியாத இலத்தீன் சொற்களைச் சிதறவிட்டே அவன் புகழ் பெறுகின்றான். 1673-இல் மோலியேரின் இறுதி நாடகம் அரங்கேறியது. தனக்கு நோயுண்டென்று வீணே கற்பனை செய்துகொள்பவன் ஒருவனும், அவனைச் சுரண்டும் மருத்துவர்களும் அதன் பாத்திரங்கள். அந்நோயாளியாக நடித்தவர் மோலியேரே. மெய்யான நுரையீரல் நோயால் வாடியிருந்த அவர், நான்காம் முறை அந்நாடகம் நடந்த பிப்ரவரி 17-ஆம் நாள் மேடையில் நிலைதளர்ந்து, அவ்விரவே இறந்தார். மருத்துவரைக் கண்டு நகைத்தவர் மரணத்தை நன்கறிந்தவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழ் மேடையில் பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகங்களுள் ஒன்றன் பெயர் வைகுண்ட வைத்தியர். நோயாளியை எங்கே அனுப்புபவர் என்பதைப் பெயரே கூறிவிடுகின்றது.

இம்மருத்துவர் அனைவரிடத்தும் நகை பேதைமையினின்றே பிறக்கின்றது. இவர்கள் யாவரும் அறியாதவர். அறியாமையை அருஞ்சொற்களால் மறைப்பவர். திரை எழும்போது எவ்வாறு இருந்தனரோ, திரை விழும்போதும் அவ்வாறே இருப்பர். ஓரிரவில் முடியும் நாடகத்தில் அவர்கள் வளர இடமில்லை. மேலும், அவர்கள் கையில் எவரும் மெய்யாக இறப்பதில்லை. இறப்பு மேடைக்கு வந்துவிட்டால் நகைச்சுவை நாடகம் அக்கணமே வேறொன்றாகிவிடும். ஆகவே ஆசிரியர்கள் மரணத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். மருத்துவனும் முகமூடியாகவே நின்றான்.

தொடர்நாடகம் தந்த காலம்

தொலைக்காட்சி இந்நிலையை மாற்றியது. வாரந்தோறும் ஒரே பாத்திரம் வீட்டுக்கூடத்திற்கு வருகின்றது, ஆண்டுக்கணக்கில் வருகின்றது. நடிகனுக்கு நரை தோன்றுகின்றது, காண்போருக்கும் தோன்றுகின்றது. ஒரே நகையை எத்தனை ஆண்டு நகைக்க இயலும்? பாத்திரம் வளரவேண்டும், அன்றேல் விலக வேண்டும்.

இவ்வுண்மையை முழுமையாக விளக்குவது அமெரிக்காவில் 1972 செப்டம்பர் முதல் 1983 பிப்ரவரி வரை ஒளிபரப்பான மாஷ் என்னும் தொடர். கொரியப் போரின்போது, போர்முனைக்கு அருகே கூடாரங்களில் இயங்கிய அமெரிக்க இராணுவ அறுவை மருத்துவமனையே அதன் களம். 1968-இல் ரிச்சர்டு ஹூக்கர் என்னும் பெயரில் வெளிவந்த நாவலும், 1970-இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய திரைப்படமும் அதற்கு மூலம். கொரியப் போர் மூன்றாண்டுகளே நிகழ்ந்தது. தொடரோ பதினொரு பருவங்கள் நடந்தது.

ஆலன் ஆல்டா நடித்த ஹாக்கை பியர்ஸ் என்னும் அறுவை மருத்துவனே தலைமைப் பாத்திரம். கூடாரத்திற்குள்ளேயே சாராயம் காய்ச்சுபவன், தாதியரைச் சுற்றி வருபவன், மேலதிகாரிகளை எள்ளுபவன் என்றே அவன் அறிமுகமாகின்றான். பழைய மருத்துவனுக்கும் இவனுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. இவன் அறியாதவன் அல்லன். தன் தொழிலில் மிக வல்லவன். நகை இவன் பேதைமையினின்று பிறக்கவில்லை. இவன் செய்யும் எள்ளலினின்று பிறந்தது. நகைக்கப்பட்டவன் நகைப்பவனாக மாறியதே வரலாற்றின் முதல் திருப்பம்.

அந்த எள்ளல் எதற்காக என்பது 1973 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் வெளிப்பட்டது. ஹாக்கையின் இளமைக்கால நண்பன் போரைப் பற்றி நூல் எழுத வந்தவன். அவன் காயமுற்று, ஹாக்கையின் அறுவை மேசையிலேயே இறக்கின்றான். முன்பு எத்தனையோ பேர் இறந்தபோது அழாதவன் அன்று அழுகின்றான். போரில் இளைஞர் இறப்பது முதல் விதியென்றும், அவ்விதியை மருத்துவரால் மாற்ற முடியாதென்பது இரண்டாம் விதியென்றும் தலைமை மருத்துவர் ஹென்றி பிளேக் அவனுக்கு எடுத்துரைக்கின்றார். வெளியே நின்ற மரணம் முதன்முறையாக நகைச்சுவை நாடகத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வந்தது.

இதனோடு ஒத்த ஒரு செய்தியும் உண்டு. அக்காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில், காண்போர் சிரிப்பதுபோல் பதிவுசெய்த ஒலியைச் சேர்ப்பது வழக்கம். மாஷ் தொடரிலும் நிறுவனத்தார் அதனை வற்புறுத்தினர். அறுவைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் அவ்வொலி கூடாதென்று படைப்பாளர் கேட்டுப் பெற்றனர். அங்கே ஹாக்கை நகைமொழி பேசுவான், சிரிப்பொலி எழாது. அவன் பேசுவது எவரையும் மகிழ்விப்பதற்கன்று, தன் கை நடுங்காதிருத்தற்கே என்பது அந்த அமைதியில் விளங்கிற்று.

1975 மார்ச்சில் இன்னும் துணிவான செயல் நிகழ்ந்தது. எல்லோர்க்கும் இனியவரான ஹென்றி பிளேக் பணிமுடிந்து தாயகம் திரும்புகின்றார். விடைபெறும் காட்சிகள் நகையும் அன்புமாக முடிகின்றன. இறுதியில், அவர் சென்ற வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை என்ற செய்தியை ஓர் இளைஞன் அறுவைக் கூடத்தில் வந்து படிக்கின்றான். மருத்துவர்களின் கைகள் ஒருகணமும் நிற்கவில்லை. காண்போர் பலர் சினந்து கடிதம் எழுதினர். நகைச்சுவைப் பாத்திரம் இறக்கலாகாது என்னும் பழைய உடன்பாடு மீறப்பட்டதே அச்சினத்தின் காரணம்.

வளராதவன் விலகினான்

ஹாக்கையின் வளர்ச்சியை அளக்கும் கோலாக அதே கூடாரத்தில் ஃபிராங்க் பர்ன்ஸ் என்னும் மருத்துவன் இருந்தான். லாரி லின்வில் அப்பாத்திரத்தை ஏற்றார். பர்ன்ஸ் தொழிலில் திறமையற்றவன். விதிகளைக் கட்டிக்கொண்டு அழுபவன். கொண்டதை விடாமையாகிய மடனுக்கு அவன் இலக்கியம். தொடக்க ஆண்டுகளில் அவனைக் கண்டு அனைவரும் நகைத்தனர். மற்றப் பாத்திரங்கள் ஆழ்ந்துகொண்டே செல்ல, அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். ஐந்து பருவங்கள் முடிந்ததும், இனி இப்பாத்திரத்திற் செய்தற்கு ஒன்றுமில்லை என்று நடிகரே விலகிக்கொண்டார். பழைய மேடை மருத்துவனின் கடைசி வழித்தோன்றல் பர்ன்ஸ் எனலாம். ஓரிரவு நாடகத்தில் அவன் வாழ்ந்திருப்பான். தொடர்நாடகத்தின் நீண்ட காலத்தை அவனால் தாங்க முடியவில்லை.

1977-இல் அவனிடத்திற்கு வந்தவன் சார்லஸ் வின்செஸ்டர். செருக்கும் செல்வமும் உடையவன். மேன்மையான இசையை விரும்புபவன். அவன் செருக்கு நகைப்புக்கிடமானது, ஆயினும் தொழிலில் அவன் வல்லவன். இறுதிப் பகுதியில், சிறைப்பட்ட சீன இசைஞர் சிலருக்கு மோசார்ட்டின் இசையொன்றைக் கற்பிக்கின்றான். அவர்கள் குண்டுக்கு இரையாகின்றனர். அதுவரை அவனுக்குப் புகலாயிருந்த இசை, அதன்பின் அவர்களை நினைவூட்டும் துயராக மாறுகின்றது. எள்ளப்பட்ட ஒருவனை இத்துணை உயரத்திற்கு ஏற்றுவதற்குப் பல ஆண்டு உறவு வேண்டும். அதனைத் தந்தது தொடர்நாடகமே.

1983 பிப்ரவரி 28-ஆம் நாள் ஒளிபரப்பான இறுதிப் பகுதியைப் பத்துக்கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். அதன் தொடக்கத்தில் ஹாக்கை மனநோய் மருத்துவமனையில் இருக்கின்றான். எதிரிகளுக்கு அஞ்சி ஒரு பேருந்தில் ஒளிந்திருந்தபோது, கோழியொன்று கத்தியதாகவும், அதனை அடக்குமாறு தான் ஒரு பெண்ணை அதட்டியதாகவும் அவன் நினைவு கூறுகின்றது. மெல்ல மெல்ல உண்மை வெளிவருகின்றது. அது கோழியன்று, அப்பெண்ணின் குழந்தை. குழந்தையின் வாயை அவள் பொத்தியதால் அஃது இறந்தது. பதினொரு பருவங்களாக எதனையும் நகைமொழியால் மூடிய உள்ளம், இதனை மூட முடியாமல் உடைந்தது. நகை காக்கும்; ஆனால் ஓரளவே காக்கும். இவ்வுண்மையை அறிந்த பின்னரும் அவன் அறுவைக் கூடத்திற்குத் திரும்புகின்றான். அதுவே அவன் வளர்ச்சி.

பின்னர் 2001-இல் தொடங்கிய ஸ்கிரப்ஸ் என்னும் அமெரிக்கத் தொடர், எஞ்சிய நிலைக்களனாகிய இளமையை எடுத்துக்கொண்டது. ஜே. டி. என்னும் பயிற்சி மருத்துவன் கல்லூரியினின்று புதிதாக வந்தவன், பகற்கனவு காண்பவன். அத்தொடரின் முதலாண்டுப் பகுதி ஒன்றில், மருத்துவமனையிற் சேர்வோருள் மூவரில் ஒருவர் இறப்பர் என்று கூறப்படுகின்றது. மூன்று நோயாளிகளுள் எவர் இறப்பார் என்று காண்போர் காத்திருக்கின்றனர், மூவருமே இறந்துவிடுகின்றனர். இளமையின் நகை அன்றே முதிரத் தொடங்குகின்றது. போர்க்களம் இன்றியும், நாள்தோறும் நிகழும் மரணம் ஒரு நகைச்சுவை மருத்துவனை மனிதனாக்கப் போதும் என்பதை அத்தொடர் காட்டிற்று.

தமிழில் நகையும் மருத்துவமும்

தமிழில் மருத்துவமனையைக் களமாகக் கொண்ட படைப்புகளுள் தலைசிறந்தது 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய நெஞ்சில் ஓர் ஆலயம். அதில் மருத்துவனாக வரும் கல்யாண்குமார் நகைப்பதில்லை, தியாகமே உருவானவர். நகைச்சுவை முழுவதும் மருத்துவமனை ஊழியராக வரும் நாகேஷிடம் ஒப்படைக்கப்பட்டது. மருத்துவன் அழுகைக்கும் பெருமிதத்திற்கும் உரியவன், ஊழியன் நகைக்குரியவன் என்னும் பிரிவினை அங்கே காணப்படுகின்றது. நகைச்சுவையைத் தனி வாய்க்காலில் ஓடவிடும் தமிழ்த் திரைமரபுக்கு அது பொருத்தமாயிருந்தது. ஆனால் நகையும் அழுகையும் ஒரே உள்ளத்திற் சேர்ந்தாலன்றி நகைச்சுவை மருத்துவன் வளர்தற்கு வழியில்லை.

அவ்விரண்டும் ஓரளவு சேர்ந்தது 2004-இல் வெளிவந்த வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். படத்தில். 2003-இல் வந்த இந்திப்படத்தைத் தழுவி சரண் இயக்கிய இதற்குக் கிரேசி மோகன் உரையாடல் எழுதினார். கமல்ஹாசன் நடித்த ராஜா மருத்துவனே அல்லன். பெற்றோரிடம் மருத்துவன் என்று பொய்கூறி வாழும் முரடன்; தந்தையாக நடித்தவர் நாகேஷ். மோலியேரின் விறகுவெட்டிக்கும் ராஜாவுக்கும் உறவு வெளிப்படை. ஆயினும் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. பழைய போலி மருத்துவனிடம் நகைக்கத்தக்கது அவன் அறியாமை. இங்கே நகைக்கப்படுவது கற்றவர்களின் அன்பின்மை. கட்டிப்பிடி வைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த செய்கை, தரை துடைக்கும் முதியவரை முதன்முதலாக மனிதராக மதித்த செய்கையே. ஆனால் புற்றுநோயுற்ற இளைஞன் ஒருவன் தன்னைக் காப்பாற்றுமாறு கேட்டபோது, அந்த அன்பும் போதாமற் போகின்றது. இளைஞன் இறக்கின்றான், ராஜா உடைகின்றான். அந்த இடத்தில் தமிழின் நகைச்சுவை மருத்துவன் ஹாக்கைக்கு அருகில் வந்து நிற்கின்றான். மூன்று மணி நேரத்திற்குள் கதை முடியவேண்டியிருத்தலால் மேலே செல்லவில்லை.

தொலைக்காட்சியிலோ, 2014-இல் ஜீ தமிழில் அமலா நடித்த உயிர்மெய் போன்ற மருத்துவத் தொடர்கள் அரியனவாகவே தோன்றின. குடும்பமே தமிழ்த் தொடர்நாடகத்தின் வழக்கமான களம். அங்கே மருத்துவன் தலையசைத்து, நற்செய்தியோ துயர்ச்செய்தியோ கூறிவிட்டு மறைந்துபோகும் துணைப்பாத்திரம்.

எழுதப்படாத பாத்திரம்

இவ்விடத்தில் ரெம்பாவ் வட்டாரத்து டிரசரை மீண்டும் நினைத்தல் தகும். நகைச்சுவை மருத்துவன் வளர்தற்கு வேண்டியவை எவை? நீண்ட காலம், மாறாத ஒரு மக்கட்குழு, நாள்தோறும் நெருங்கிவரும் மரணம், மேலதிகாரத்திற்கும் எளியோருக்கும் இடையே அகப்பட்ட ஓர் உள்ளம். இவையனைத்தும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தன. கொரியாவின் கூடார மருத்துவமனைக்கு மூன்றாண்டு வரலாறே உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கோ தலைமுறைகளின் வரலாறு உண்டு. 1930-களின் தொடக்கத்துப் பொருளாதாரச் சரிவில் ஆட்கள் ஊர்திரும்பியதையும், ஜப்பானியர் ஆட்சியில் மருந்தின்றிக் காய்ச்சல் பெருகியதையும், தோட்டத்து ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் அது கண்டது.

டிரசரும் அவ்வரலாற்றில் வளர்ந்தவரே. கட்டுப்போடுபவர் என்னும் பொருளுடைய பெயரோடு தொடங்கியவர், பின்னர் மருத்துவ உதவியாளர் என்று அழைக்கப்பெற்றார். தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவுசெய்வதற்கென்றே 1965-இல் மலேசியாவில் ஒரு சட்டம் பிறந்தது. பெரட்டில் நகைக்கப்பட்ட தொழிலுக்கு நாடு அளித்த ஏற்பு அது. அச்சட்டம் பிறப்பதற்குச் சற்றுமுன், 1963 டிசம்பர் 28-இல், மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியிருந்தது. டிரசர் மதிப்புப் பெற்ற காலமும், அவர் கதையைச் சொல்லத்தக்க கருவி வந்த காலமும் ஒன்றே.

இன்று நெகிரி செம்பிலானில் ரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தன. நோய் வந்தால் செல்வது அரசு மருத்துவமனைக்கே. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுள் பலர் மருத்துவப் பட்டமும் பெற்றுள்ளனர். டிரசரைப் பற்றிய நகைக்கதைகள் முதியோர் வாயில் இன்னும் உள்ளன. அவர்களோடு அவையும் மறையக்கூடும். எஞ்சப்போவது நகைக்கதை மட்டுமாயின், அது பர்ன்ஸைப் போன்ற முகமூடியாகவே எஞ்சும். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டபோது எழுந்து சென்றவரும், கையில் மருந்தில்லாமல் குழந்தையின் அருகே விடியுமளவும் அமர்ந்திருந்தவரும், மறுநாள் காலையில் மீண்டும் பெரட்டுக் களத்தில் நின்று கொயினாக் கசப்புக்காக நகைக்கப்பட்டவரும் ஒரே மனிதர் என்பதை அந்நகைக்கதை மட்டும் சொல்லாது.

அதனைச் சொல்லும் ஆற்றல் தொடர்நாடகத்திற்கு உண்டென்பதை மேலைநாட்டார் நிறுவிக் காட்டினர். அதற்குரிய பொருளோ தமிழரிடம் மிகுதியாகவே உண்டு. தோட்டத்து மொழியறிந்த எழுத்தாளர் ஒருவர் அப்பாத்திரத்தை ஏற்று, முதல் வாரத்தில் நகைக்கவைத்து, ஆண்டுகள் செல்லச்செல்ல மதிக்கவைத்து எழுதுவாராயின், தமிழ் நாடகம் தன் முதல் முழுமையான நகைச்சுவை மருத்துவனைப் பெறும். ரெம்பாவ் வட்டார லயங்களில் வாழ்ந்து மறைந்தவர்களின் அச்சமும் நகையும் அவ்வழியே பதிவாகும்.